மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்



சதுரங்கப் பலகையும் தானியமும் என்ற கதையைக் கேட்காதவர்கள் குறைவு. முதல் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக்கிக் கொண்டே போய், 64 கட்டங்களுக்கும் உரிய தானியத்தைப் பரிசாகக் கொடுங்கள் என்று ஒருவன் கேட்கிறான். இவ்வளவுதானா என்று சிரித்த அரசன், களஞ்சியம் காலியான பிறகுதான் விழித்துக் கொள்கிறான். கேரளத்தில் உள்ள அம்பலப்புழா கோயிலில் இதே கதையைக் கண்ணன் ஆடிய ஆட்டமாகச் சொல்வார்கள். தீராத அந்தக் கடனுக்காகத்தான் அங்கே பால் பாயசம் வழங்கப்படுகிறது என்பது ஐதீகம்.

அந்தப் பலகையில் இன்னும் மூன்றே மூன்று கட்டங்களைச் சேர்த்து ஒட்டுங்கள். இப்போது 67 கட்டங்கள். மொத்தம் எத்தனை தானிய மணிகள்?

147573952589676412927.

இருபத்தோர் இலக்கங்கள். பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 14 இலட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. இந்தப் பேரண்டம் தோன்றி சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் அறிவியலாளர்கள். அத்தனை ஆண்டுகளையும் நொடிகளாக மாற்றினாலும், இந்த எண் அதைவிட 300 மடங்குக்கும் மேல் பெரியது.

பெரிய எண் என்பதற்காக மட்டும் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இதனோடு இன்னொன்றைக் கூட்டினால் இதைவிடப் பெரிய எண் கிடைத்துவிடும். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 232 ஆண்டுகள் இது தவறான ஒரு பெயரைச் சுமந்து கொண்டிருந்தது. அந்தப் பெயர் தவறு என்று தெரிந்த பிறகும், சரியான விடை தெரியாமல் இன்னும் 27 ஆண்டுகள் காத்திருந்தது. கடைசியில் ஒரு மனிதர் தம்முடைய விடுமுறை நாட்களைக் கொடுத்து அதை மீட்டார்.

பாதிரியார் போட்ட பட்டியல்

பகா எண் என்றால் என்ன என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லிவிடும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதமின்றி வகுபடாத எண். 2, 3, 5, 7, 11, 13 என்று அது போகும். மற்றவை பகு எண்கள். 15 என்றால் 3 பெருக்கல் 5. நம்மவர்கள் பெருமையோடு நினைவுகூரும் இராமானுஜன் எண் 1729-கூட 7, 13, 19 ஆகிய மூன்றின் பெருக்கல்தான்.

நம் எண்ணின் பிறப்பு இரட்டிப்பில் இருக்கிறது. 2-ஐ 67 தடவை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். கணினி எழுதுவதுபோல் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதினால் இது வரிசையாக நிற்கும் 67 ஒன்றுகள். வேறு எதுவும் இல்லை.

இந்த ஒன்றுகளின் வரிசையை வைத்தே ஓர் உண்மையைப் பார்த்துவிடலாம். ஆறு ஒன்றுகளை எழுதுங்கள்: 111111. மூன்று மூன்றாகப் பிரித்தால் 111 பெருக்கல் 1001. இரண்டு இரண்டாகப் பிரித்தால் 11 பெருக்கல் 10101. சாதாரணக் கணக்கிலும் இது சரியாகவே வரும், பெருக்கிப் பாருங்கள். ஆக, ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சமமான கூட்டங்களாகப் பிரிக்க முடிந்தால் எண்ணும் உடைந்துவிடும். சதுரங்கப் பலகையின் 64 அப்படித்தான் உடைகிறது. அரசன் கடன்பட்ட தொகை 3-ஆலும் வகுபடும், 5-ஆலும் வகுபடும். ஆனால் 67 பகா எண். 67 பேரைச் சம அணிகளாக நிற்க வைக்க முடியாது. ஆகவே அந்தச் சுலப வழி இங்கே அடைபட்டுவிடுகிறது.

அப்படியென்றால் இது பகா எண்தானா? அவசரப்படக் கூடாது. 11-உம் பகா எண்தான். ஆனால் 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23 பெருக்கல் 89 ஆக உடைந்துவிடுகிறது. அணி பிரிக்க முடியாவிட்டாலும் எண் உடையக்கூடும்.

பாரிஸ் நகரில் மாரன் மெர்சென் என்ற கிறிஸ்துவத் துறவி இருந்தார். கணிதமும் இசையும் அவருக்கு உயிர். ஃபெர்மா, டெக்கார்ட் போன்ற பெரிய மேதைகளோடு ஓயாமல் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அறிவியல் இதழ்கள் இல்லாத அந்தக் காலத்தில் அவருடைய அறையே ஓர் அஞ்சல் நிலையம் போல் இருந்தது. அவர் 1644ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் முன்னுரையில் ஒரு பட்டியல் போட்டார். 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்துப் பகா எண் பெற வேண்டுமானால், 257 வரையில் அந்த அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றாக மட்டுமே இருக்க முடியும் என்றார்.

பட்டியலில் 67 இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார்? அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எந்த மனிதராலும் அந்த எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்திருக்க முடியாது. சாமானியர் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள். சொன்னவர் மெர்சென். ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பட்டியல் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் போனது. 1772இல் ஆய்லர் என்ற மேதை 31ஆம் அடுக்கு சரிதான் என்று மெய்ப்பித்தார். ஒன்று சரியாக இருந்ததும் மற்றவற்றின் மீதும் நம்பிக்கை கூடிவிட்டது. இது கணிதத்தில் மட்டும் நடப்பதா என்ன?

பட்டியலில் மொத்தம் ஐந்து பிழைகள். 67-உம் 257-உம் அங்கே இருக்கக் கூடாதவை. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுப் போயின. முழுப் பட்டியலையும் சரிபார்த்து முடிக்க 1947 ஆகிவிட்டது.

டுரியானைத் தட்டிப் பார்த்தவர்

முதல் அடி 1876இல் விழுந்தது. அடித்தவர் எத்வார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். கணினிப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிமுகமான ‘ஹனோய் கோபுரம்’ என்ற வட்டுப் புதிரை உருவாக்கியவரும் அவரே. 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண் அல்ல என்று அவர் அறிவித்தார். சரி, எதனால் வகுபடும் என்று கேட்டால்? அது அவருக்குத் தெரியாது!

இதைக் கேட்டதும் பலருக்கும் குழப்பம் வரும். எதனால் வகுபடும் என்று தெரியாமல், வகுபடும் என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

கடைவீதியில் டுரியான் வாங்குகிறவர்களைப் பாருங்கள். பழத்தை ஆட்டி, காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தே உள்ளே பழுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை சுளை, எங்கே பிளவு என்பது கத்தி போட்ட பிறகுதான் தெரியும். லூகாஸ் கண்டுபிடித்தது தட்டிப் பார்க்கும் முறை.

அந்த முறையை 1930இல் அமெரிக்கரான லேமர் எளிமைப்படுத்திக் கொடுத்தார். 4-இல் தொடங்க வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி 2-ஐக் கழிக்க வேண்டும். வருவதைச் சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதத்தை மட்டும் வைத்துக் கொள்ள வேண்டும். அந்த மீதத்தை மறுபடியும் அதனாலேயே பெருக்கி 2-ஐக் கழிக்க வேண்டும். குறிப்பிட்ட தடவை இப்படிச் செய்த பிறகு மீதம் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 31-ஐச் சோதிப்போம். அது 2-இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது மூன்று தடவை செய்ய வேண்டும். 4 முதலில் 14 ஆகிறது. 14 பெருக்கல் 14, அதில் 2 போனால் 194. 31-ஆல் வகுத்தால் மீதம் 8. எட்டெட்டு 64, அதில் 2 போனால் 62. 31-ஆல் வகுத்தால் மீதம் பூஜ்யம். 31 பகா எண்!

67ஆம் அடுக்குக்கு இதையே 65 தடவை செய்ய வேண்டும், 21 இலக்க எண்களை வைத்துக் கொண்டு. கடைசியில் பூஜ்யம் வராது. அதனால் பகா எண் அல்ல என்பது உறுதி. ஆனால் 65 படிகளில் எந்தப் படியும் அதன் காரணி எது என்று சொல்வதில்லை.

ஆக 1876க்குப் பிறகு மெர்சென் பட்டியல் பொய் என்று தெரிந்துவிட்டது. உண்மை என்ன என்பது மட்டும் தெரியவில்லை. ஒருவர் மீது குற்றம் இருக்கிறது என்று சொல்லி, என்ன குற்றம் என்று சொல்லாமல் விட்டதுபோல் ஒரு நிலை.

வெண்கட்டி மட்டும் பேசிய நாள்

1903, அக்டோபர் 31. நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை படிக்கப்பட இருந்தது. படிக்க வேண்டியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல். வயது 42. சங்கத்தின் செயலாளரும் அவரே. அதிகம் பேசாத மனிதர்.

கோல் கரும்பலகைக்குப் போனார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. 2-ஐ அடுக்கிக் கொண்டே போய் 67ஆம் அடுக்கைக் கண்டார். கவனமாக ஒன்றைக் கழித்தார். 147573952589676412927 என்று பலகையில் நின்றது. பிறகு பலகையின் காலியான பகுதிக்கு நகர்ந்து இரண்டு எண்களை எழுதினார்.

193707721
761838257287

இரண்டையும் பெருக்க ஆரம்பித்தார். பள்ளியில் சொல்லித் தந்த அதே நீள்பெருக்கல்தான், வரி வரியாக. கூட்டி முடித்தபோது வந்த விடையும், பக்கத்தில் நின்ற எண்ணும் ஒன்றாக இருந்தன. கோல் வெண்கட்டியை வைத்துவிட்டு, அப்போதும் பேசாமல், தம் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அவையோர் பலமாகக் கைதட்டினார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

இந்தக் காட்சியை உலகுக்குச் சொன்னவர் எரிக் டெம்பிள் பெல் என்ற கணித எழுத்தாளர். பெல் கதை சொல்வதில் வல்லவர். கொஞ்சம் நாடகம் கலப்பார் என்பதும் அறிஞர்கள் அறிந்ததே. கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதை அவரவர் குறைத்துக் கொள்ளலாம். ஆனால் பலகையில் இருந்த பெருக்கலைக் குறைக்க முடியாது. பெல் கோலிடமே படித்தவர். 1911இல் அவர் ஆசிரியரைக் கேட்டாராம், இந்த எண்ணை உடைக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று. கோல் சொன்ன பதில்: மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

மூன்று ஆண்டு என்றால் 156 ஞாயிறு. ஓய்வு நாள் அல்லவா? வார நாட்களில் பாடம், சங்க வேலை, சங்க இதழின் பொறுப்பு. எஞ்சியது ஞாயிறு ஒன்றுதான். அந்த மூன்று ஆண்டுகளில் எந்த ஞாயிறன்றும், அடுத்த வாரம் விடை கிடைக்கும் என்று அவருக்கு யாரும் உறுதி கொடுத்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது என்ன?

3-ஆல் வகுத்துப் பார், 5-ஆல் வகுத்துப் பார் என்று கோல் போகவில்லை. அவசியமும் இல்லை. இந்த வகை எண்ணின் காரணிகளுக்கு ஒரு அடையாளம் உண்டு என்று ஃபெர்மா 1640லேயே மெர்சென்னுக்கு எழுதியிருந்தார். அடுக்கு 67 என்றால், அதன் இரு மடங்கு 134. எந்தக் காரணியாக இருந்தாலும் அதை 134-ஆல் வகுத்தால் மீதம் ஒன்று வர வேண்டும். இன்னோர் அடையாளமும் உண்டு. 8-ஆல் வகுத்தால் மீதம் 1 அல்லது 7 வர வேண்டும். இந்த இரண்டு அடையாளங்களும் உள்ள மிகச் சிறிய பகா எண் எது தெரியுமா? 1609. அதற்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணாலும் இது வகுபடாது என்று வகுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பெரிய சலுகைதான். ஆனாலும் போதாது. கோல் கண்டுபிடித்த சிறிய காரணி 193707721. அதுவரை இந்த இரண்டு அடையாளங்களும் உள்ள எண்களை எண்ணினால் 7 இலட்சத்து 22 ஆயிரத்து 790 வருகிறது. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் ஒரு ஞாயிறுக்கு 4,600க்கும் மேற்பட்ட வகுத்தல்கள்! பகா எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் பல்லாயிரம் மிஞ்சும். அவ்வளவு உயரத்துக்குப் போகும் அச்சிட்ட பகா எண் பட்டியலும் அன்றைக்கு இல்லை. முரட்டு உழைப்பால் ஆகிற காரியமில்லை இது.

கோல் சல்லடை கட்டினார். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, இந்த 21 இலக்க எண்ணால் வகுத்தால் என்ன மீதம் வருகிறது என்று பார்ப்பது. பொருத்தமான மீதம் ஒன்று கிடைத்தால், அது காரணியின் மீது ஒரு புதிய நிபந்தனையை விதிக்கும். ஒவ்வொரு நிபந்தனையும் மிச்சமுள்ள வேட்பாளர்களில் ஏறக்குறைய பாதியைக் கீழே தள்ளிவிடும். பத்து சல்லடை என்றால் ஆயிரத்தில் ஒன்றுதான் மேலே நிற்கும். நல்ல மீதங்களைத் தேடுவதும், சல்லடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சலிப்பதுமாகத்தான் ஞாயிறுகள் போயின. ஒரே ஓர் இடத்தில் கூட்டலில் கை தவறினால், உண்மையான காரணி சல்லடையின் ஓட்டை வழியே விழுந்து போய்விடும். விழுந்தது தெரியவே தெரியாது. அந்த அச்சத்தோடுதான் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கிடைத்த விடையில் ஃபெர்மா சொன்ன அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 193707721-இல் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் 1445580, மீதமில்லை. பெரிய காரணியில் ஒன்றைக் கழித்து வகுத்தால் 5685360129, மீதமில்லை. 1640இல் எழுதிய கடிதத்துக்கு 1903இல் சாட்சி கிடைத்தது.

உங்கள் வங்கிக் கணக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டு

கோல் எழுதிய பெருக்கலைச் சரிபார்க்க அவையோருக்குச் சில நிமிடங்கள் போதும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று ஆண்டுகள். பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம். பாலில் சர்க்கரையைக் கலந்த பிறகு திரும்ப எடுக்கச் சொல்வது போல.

இந்த ஏற்றத்தாழ்வை வைத்து ஒரு பூட்டுச் செய்யலாம் என்று 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற மூவர் காட்டினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊரறிய வெளியிடலாம். அதை வைத்து யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறப்பதற்கு அந்த இரண்டு காரணிகளும் வேண்டும். அவர்கள் சவாலாகக் கொடுத்த 129 இலக்க எண் ஒன்று 17 ஆண்டுகள் உடையாமல் இருந்தது. 1994இல் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையத்தின் வழி தங்கள் கணினிகளைச் சேர்த்து உடைத்தார்கள். அதன் பிறகு பூட்டுகள் பெரிதாகின. 250 இலக்க எண் ஒன்று 2020இல் உடைந்தது. இணையத் தளங்களில் பரவலாகப் பயன்படும் இந்த வகைப் பூட்டுக்கு 617 இலக்கங்கள். வருங்காலக் குவாண்டம் கணினிகள் இதையும் உடைக்கக்கூடும் என்ற கவலையில், காரணிகளை நம்பாத புதிய பூட்டு முறைகளுக்கான தரங்களை 2024இல் அமெரிக்க அரசு வெளியிட்டது.

லூகாஸ் தொடங்கி வைத்த அந்தப் பழைய வேறுபாடு இன்றும் அப்படியேதான் நிற்கிறது. 2002இல் இந்தியாவின் கான்பூர் ஐஐடியில் மனீந்திர அகர்வால், தம் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவோடு சேர்ந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். எந்த எண்ணானாலும் அது பகா எண்ணா இல்லையா என்பதை, நியாயமான கால அளவுக்குள் ஐயமின்றிச் சொல்லிவிடும் வழி அது. செய்தி வந்ததும், வங்கிப் பூட்டுகள் எல்லாம் உடைந்துவிடுமோ என்று சிலர் பயந்தார்கள். உடையவில்லை. ஏன்? அதுவும் டுரியானைத் தட்டிப் பார்க்கும் வழிதான். பழுத்ததா என்று சொல்லும். சுளையை எடுத்துக் கையில் கொடுக்காது.

கோலின் 21 இலக்க எண்ணை இன்றைய கைப்பேசியிடம் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் காரணிகளைத் தந்துவிடும். அப்படியானால் அந்த மூன்று ஆண்டு ஞாயிறுகள் வீண்தானே என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. கேள்வியில் கொஞ்சம் அவசரம் தெரிகிறது. கைப்பேசி அந்த வேலையைச் செய்யும் வழிமுறைகளும் வர்க்க மீதங்களையும் சல்லடைகளையும் கொண்டு வளர்ந்தவைதான். அது ஒருபுறம் இருக்கட்டும். 1903இல் அந்த எண்ணின் காரணிகள் உலகில் எந்த நூலிலும் இல்லை. தேடித் தர எந்த இயந்திரமும் இல்லை. ஒருவர் உட்கார்ந்தால்தான் உண்டு. அவர் உட்கார்ந்தார்.

கோல் சங்கத்தின் செயலாளராக 25 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றார். அவர் கொடுத்த நிதியைக் கொண்டு தொடங்கியதுதான் கோல் பரிசு. 1926இல் அவர் மறைந்தார். எண் கோட்பாட்டுக்கான அந்தப் பரிசை 1997இல் ஆண்ட்ரூ வைல்ஸும், 2008இல் இந்திய வம்சாவளியினரான மஞ்சுல் பார்கவாவும் பெற்றார்கள்.

வீட்டில் பெருக்கிப் பார்க்க விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். தாளைக் குறுக்காக வைத்துக் கொள்ளுங்கள், விடை நீளமானது. 761838257287-ஐ மேலே எழுதி, 193707721-ஐக் கீழே எழுதுங்கள். பயந்துவிட வேண்டாம். கீழ் எண்ணில் 7 மூன்று தடவை வருகிறது, 1 இரண்டு தடவை வருகிறது, ஒரு பூஜ்யமும் இருக்கிறது. ஆகவே 2, 3, 7, 9 ஆகிய நான்கு வாய்ப்பாடுகள் போதும்; மற்ற வரிகளைப் பார்த்து எழுதிவிடலாம். 7-ஆல் பெருக்கிய வரி 5332867801009 என்று வர வேண்டும். 9-ஆல் பெருக்கியது 6856544315583. ஒவ்வொரு வரியையும் ஓரிடம் இடது பக்கம் தள்ளி எழுத மறக்க வேண்டாம். பூஜ்யத்துக்கு இரண்டு இடம் தள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

கூட்டி முடித்ததும், தாத்தா காலத்து ஒன்பது சோதனையைச் செய்து பாருங்கள். சிறிய காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மேலும் கூட்டினால் 10. மேலும் கூட்டினால் 1. பெரிய காரணிக்கு 64, பிறகு 10, பிறகு 1. ஒன்றையும் ஒன்றையும் பெருக்கினால் ஒன்று. ஆகவே விடையின் இலக்கங்களும் கடைசியில் ஒன்றில் முடிய வேண்டும். 109, பிறகு 10, பிறகு 1. வேறு ஏதாவது வந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது, மறுபடியும் பாருங்கள். ஒன்று வந்துவிட்டால் மட்டும் சரி என்று நம்பிவிடவும் கூடாது; இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. 147573952589676412927 என்று இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக் கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும்.